மச்சம் தொடாத கமலேஸ்வரியும் குளிர்காலத்துப் பாஸ் மீனும்

கமலேஸ்வரி பிறந்து ஐம்பத்திரண்டு வருடமாக மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் தொட்டதில்லை. பிறந்தநாள் வீட்டுக் கேக்கில் முட்டை இருக்குமோ என்று சந்தேகம் வந்தால் போதும், தட்டைக் கையில் வைத்தபடி எல்லோருடனும் சிரித்துக் கதைத்துக்கொண்டு நின்று, ஆள் பார்க்காத நேரமாகப் பார்த்துத் துண்டைப் புருஷனின் தட்டுக்கு மாற்றிவிடுவாள். அப்படிப்பட்டவள் மெல்பேர்ண் பக்கத்துக் கிரான்பர்னில் ஒரு தூண்டில் சாமான் கடையில் வேலை செய்கிறாள் என்பது பலருக்குச் சிரிப்பு. குளிர்காலத்தில் பாஸ் மீனுக்கு எந்த லூர் போடவேண்டும் என்று சொல்வதில் அவளை மிஞ்ச ஆளில்லை என்று அந்தப் பக்கமெல்லாம் பேர் எடுத்திருந்தாள் என்பது அதைவிடப் பெரிய சிரிப்பு. ஆனால் இந்த இரண்டாவது சிரிப்பைச் சிரிக்கக்கூடிய ஆள் ஒருவர்தான் இருந்தார். அவர் அவளுடைய புருஷன் ஆனந்தராஜா. அவள் தூண்டில் தடியைப் பிடித்து ஒரு தடவைகூட வீசியதில்லை என்பது அவருக்கு மட்டுமே தெரியும். மற்றவர்கள், பாவம், கமலேஸ்வரி அக்கா மீனைப் பிடித்துத் திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிடுகிற புண்ணியவதி என்று தாங்களாகவே நினைத்துக்கொண்டார்கள். அவள் அதை மறுக்கப் போகவில்லை.

கல்யாணத்துக்கு முன்னர் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு சேலைக்கடையில் வேலைக்கு நின்றவள் அவள். மெல்பேர்ணுக்கு வந்து, பிள்ளைகள் வளர்ந்து, வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் போனபோது, தூண்டில் கடைக்காரன் கிரெக் கணக்கு வழக்குப் பார்க்க ஆள் தேடினான். பின்னறையில் கணக்குப் பார்ப்பதுதான் வேலை. ஒரு நாள் கிரெக்குக்குப் பல்வலி வந்து அவன் வைத்தியரிடம் ஓடிவிட, முன்னால் மணி அடித்தது. அவள் வெளியே வந்தாள். ஒரு பெரிய வெள்ளைக்காரன், சுவர் நிறையத் தொங்கிய லூர்களைப் பார்த்துக்கொண்டு, புடவை எடுக்க வந்த மாப்பிள்ளை மாதிரி முழித்தபடி நின்றான்.

லூர் என்றால் பொய்யிரை. மீனுக்கு இது குட்டிமீன், இது தவளை, இது வண்டு என்று காட்டி ஏமாற்றுகிற சாமான். சிலது இரும்பு, சிலது பிளாஸ்டிக், சிலது இறகு. நூறு நிறம். கமலேஸ்வரி அந்தச் சுவரை அதுவரை நிமிர்ந்து பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தாள். பார்த்ததும் மனசு குளிர்ந்துவிட்டது. இது சேலைக்கடைதான். கரை, உடல், முந்தானை எல்லாம் இருந்தது.

வாங்க வந்தவனிடம் லூரைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல், எங்கே போகிறாய், யாரோடு போகிறாய், போனமுறை என்ன நடந்தது என்று கேட்டாள். அவன் அரை மணித்தியாலம் கதைத்தான். கடைசியில் அவன் கண் இரண்டு தடவை எதில் நின்றதோ அதைக் கழற்றிக் கையில் கொடுத்தாள். அவன் நாலு வாங்கினான். கிரெக் ஒரு பல் குறைந்த வாயோடு திரும்பி வந்து பில்லைப் பார்த்துவிட்டு, அடுத்த கிழமையிலிருந்து கணக்கைத் தானே பார்ப்பதாகவும் அவள் முன்னால் நிற்கட்டும் என்றும் சொல்லிவிட்டான்.

மீன் பிடித்தவன் பெருமை பேசக் கடைக்குத் திரும்பி வருவான். பிடிக்காதவன் குறை சொல்லத் திரும்பி வருவான். கமலேஸ்வரி இரண்டு பேரையும் கேட்டாள். மூன்று குளிர்காலம் கேட்டதில் சில விஷயங்கள் அவளுக்குத் திரண்டு வந்தன. தண்ணீர் குளிர்ந்ததும் ஏரிப் பாஸ் ஆழத்துக்கு இறங்கிக் கூட்டமாக ஒதுங்கிக்கொள்ளும். உடம்பு மந்தமாகிவிடும். எதையும் துரத்தாது. கோடையில் மேலே துள்ளிக் கவ்வுகிற பெரிய வண்டு லூரெல்லாம் அப்போது சும்மா. சின்னதாக, ஒல்லியாக, அடிவரை நேராக இறங்குகிற ஒன்று வேண்டும். இறக்கி, ஒரு சாண் தூக்கி, மறுபடி விழவிட்டு, சும்மா விடவேண்டும்.

அந்தச் சும்மா விடுவதுதான் ஆண்களுக்கு முடியாத காரியம் என்பதையும் அவள் கண்டுபிடித்தாள். ஒரு நிமிடம் ஓரிடத்தில் நிற்கமுடியாத ஒரு சுவர் பூசுகிறவன் வந்து, ஒரு குளிர்காலம் முழுக்க ஒன்றும் படவில்லை என்று அழுதான். அவனுக்கு ஒரு சின்ன இரும்பு லூரும் ஒரு சுடுநீர்ப் போத்தலும் விற்றாள். லூரை இறக்கிவிட்டு ஒரு கோப்பை தேநீர் ஊற்றிக் குடி, குடித்து முடித்த பிறகுதான் தடியைத் தொடலாம் என்றாள். அவன் அந்த வாரமே இரண்டு பிடித்தான். அதோடு அவள் பேர் பக்கத்து ஊரான பக்கனம் வரை போய்விட்டது.

பேர் வந்தால் வாயும் கொஞ்சம் நீளத்தான் செய்யும். ஊதா விவகாரம் அப்படி வந்ததுதான்.

கிரான்பர்னில் தமிழ் ஆட்களுக்கென்று ஒரு தூண்டில் குழு இருந்தது. அதற்குத் தலைவர் வரதராஜா. அரசாங்கத்தில் நில அளவையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சொந்தமாகப் படகு, முந்நூறு லூர், மாதம் ஒரு தடவையாவது வட்சப்பில் கையில் மீனோடு ஒரு படம். ஒரு வெள்ளிக்கிழமை கடை பூட்டுகிற நேரத்தில் அவர் வந்து ஊதா நிற லூர்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். ஊதா முடிந்துவிட்டது. இல்லை என்று சொன்னால் அவர் வேறு கடைக்குப் போவார். கமலேஸ்வரி குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணை, உங்களுக்கெண்டபடியால் சொல்லுறன். குளிர்த்தண்ணியில காலமை பத்து மணிக்கு முன்னம் ஊதா போடக்கூடாது. மீன் விலகிப்போடும்."

வரதராஜா இரண்டு பக்கமும் பார்த்தார். "அப்பிடியோ?"

"ஓம். உந்தக் கறுப்பைக் கொண்டுபோங்கோ."

அடுத்த கிழமை குழு முழுக்க அதே பேச்சு. ஒரு மாதம் கழித்து, யாரென்றே தெரியாத ஒரு வெள்ளைக்காரக் கிழவன் கடைக்கு வந்து, பத்து மணிக்கு முன் ஊதா போடாதே பெண்ணே, இது என் அப்பன் காலத்து அறிவு என்று அவளுக்கே பாடம் எடுத்தான். அவள் பணிவாகக் கேட்டுக்கொண்டாள்.

இப்படியே போயிருந்தால் ஒரு தொல்லையும் இல்லை. நடுக் குளிர்காலமான ஜூலையில் குழு புளூ ராக் ஏரிக்குப் போவதாக முடிவெடுத்தது. குழுவில் உமாசுதன் என்றொரு துடிப்பான ஆள், எலெக்ட்ரீசியன். அவன்தான் கமலேஸ்வரி அக்காவும் வந்து காட்டித் தரவேண்டும் என்று குழுவின் வட்சப்பில் எழுதினான். அன்று அவள் கடையில் நின்றதால் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்தபோது ஆனந்தராஜா குசினிக் கதிரையில் ஃபோனும் கையுமாக, முகத்தை மிகவும் ஒழுங்காக வைத்துக்கொண்டு இருந்தார். அந்த ஒழுங்கைப் பார்த்ததுமே அவள் கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் கேட்டாள்.

"என்ன செய்தனீங்கள்?"

"உமக்குச் சந்தோசம் எண்டு போட்டன்."

"என்னத்துக்குச் சந்தோசம்?"

"ஏரிக்குப் போறதுக்கு. வரதண்ணையின்ர படகில உமக்கு இடம். ரெண்டு பேர்தான் இருக்கலாமாம்."

அவள் அன்று இரவுச் சாப்பாட்டுக்கு அவருக்கு உப்பில்லாத புட்டு வைத்தாள். அவர் அதைச் சிரித்துக்கொண்டே சாப்பிட்டார். உடம்புக்கு வருத்தம் என்று சொல்லி வீட்டில் நின்றுவிடலாம். ஆனால் நின்றுவிட்டால் பேர் போய்விடும் என்று அவளுக்கே தோன்றியது. ஆகவே மீன் பிடிக்கிற லைசென்ஸ் எடுத்தாள். இரண்டு சோடி கையுறை வாங்கினாள். மீன் படாமல் ஒரு நாள் போவது உலகத்தில் நடக்காத காரியமா என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

ஏரியில் அன்று காலை புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடந்தது. மற்றவர்கள் கரையில் பரவி நின்று வீசத் தொடங்கினார்கள். ஆனந்தராஜா காஸ் அடுப்பைப் பற்றவைத்து ரொட்டிக்கு மா குழைத்தபடி, "வாழ்த்துகள்" என்று கையசைத்தார். வரதராஜாவின் தகரப் படகு மூடுபனிக்குள் போய், கரை கண்ணில் படாத இடத்தில் நின்றது. அவர் இயந்திரத்தை நிறுத்தினார். தடியை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"தங்கச்சி, நீங்கள்தான் முதல் எறியவேணும். கைராசி எண்டு ஒண்டு இருக்கெல்லே."

"அதெப்பிடி அண்ணை? படகு உங்கட. நீங்கள் எறியாமல் நான் எறிஞ்சால் முறையில்லை."

"விருந்தாளிதான் முதல்."

"வயசுக்கு மூத்தவர்தான் முதல்."

"இல்லை, இல்லை, நீங்கள் எறியிறதைப் பார்த்து நான் பழகவேணும்."

"உங்களுக்கு நான் பழக்கிறதோ? நல்லாயிருக்கு."

கல்யாண வீட்டில் பந்திக்கு முதல் யார் இருப்பது என்று உபசாரம் நடக்குமே, அதே மாதிரி அது நீண்டுகொண்டு போனது. மூடுபனி மெல்லக் கலையத் தொடங்கியது. இனிக் கரையிலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியப்போகிறது. வரதராஜா வேறு வழியில்லாமல் எழுந்து நின்று, தடியைப் பின்னுக்குக் கொண்டுபோய், ஓங்கி வீசினார். லூர் முன்னுக்குப் போகவில்லை. அவருடைய ஜக்கற்றின் தலைமூடியில் பின்பக்கமாகக் கொளுவிக்கொண்டு, அவரையே ஒரு இழுவை இழுத்தது. அவர் தடாலென்று உட்கார்ந்தார்.

"காத்து" என்றார். காற்றே இல்லை.

கமலேஸ்வரி கொக்கியைக் கழற்றக் குனிந்தாள். அப்போதுதான் ரீலைக் கண்டாள். அதில் ஒட்டியிருந்த சிவப்பு விலைச்சீட்டு அவளே ஒட்டியது. கடையில் சிவப்புச் சீட்டை நிறுத்தி மூன்று வருடமாகிறது. சுற்றியிருந்த நூல் பெட்டிக்குள்ளிருந்து வந்த மினுக்கம் மாறாமல் இருந்தது.

"அண்ணை, உந்த ரீல் எப்பவாவது தண்ணியைக் கண்டிருக்கோ?"

வரதராஜா ஏரியைப் பார்த்தார். எதிர்க்கரை மரங்களைப் பார்த்தார்.

"கண்டிருக்கு. கொஞ்சம் தூரத்தில நிண்டு."

"அப்ப அந்தப் படங்கள்?"

"பக்கத்து வீட்டு டெனிஸ் பிடிக்கிறவன். நான் வாங்கிக் கையில வைச்சிருந்து படம் எடுக்கிறனான். ஆனால் தங்கச்சி, நான் ஒருநாளும் பொய் எழுதேல்லை. படத்துக்குக் கீழை என்ன எழுதினனான்? 'இண்டைக்குப் பிடிச்சது' எண்டு. பிடிச்சுக்கொண்டுதானே நிக்கிறன்."

கமலேஸ்வரிக்குச் சிரிப்பு வயிற்றிலிருந்து கிளம்பியது. அடக்கப் பார்த்தாள். படகு ஆடத் தொடங்கியது. வரதராஜா இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு, "கவிழ்க்கப்போறீங்கள், எனக்கு நீந்தவும் தெரியாது" என்றார். அதைக் கேட்டதும் அவளுக்கு இன்னும் கூடியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, இனி மறைத்துப் பலனில்லை என்று தன் கதையையும் சொன்னாள். தடியை எந்தப் பக்கத்தால் பிடிப்பதென்றும் தெரியாது, மீனைக் கிட்டத்தில் நின்று பார்த்ததும் இல்லை என்றாள்.

வரதராஜா வாயைப் பிளந்தபடி கேட்டார். பிறகு மெதுவாக, "அப்ப அந்த ஊதா?"

"அண்டைக்குக் கடையில ஊதா முடிஞ்சுபோச்சு, அண்ணை."

"ஐயோ. நான் பேர்த் சிட்டியில இருக்கிற மச்சானுக்கும் அடிச்சுச் சொன்னனான்."

இப்படி ஒரு நிம்மதி இருவருக்கும் கனநாளாக இல்லை. கரையில் நிற்பவர்களுக்கு முகம் தெரியாத தூரத்தில் நடு ஏரி. படகு இருக்கிறது, முந்நூறு லூர் இருக்கிறது. வந்ததற்கு ஒருக்கால் உண்மையிலேயே பிடித்துப் பார்த்தால் என்ன என்று முதலில் சொன்னது கமலேஸ்வரிதான். சொல்லிவிட்டு அவளே ஆச்சரியப்பட்டாள்.

படகில் ஒரு சின்னத் திரை இருந்தது. தண்ணீருக்கு அடியில் என்ன இருக்கிறதென்று காட்டும் சாமான். வரதராஜா அதை நேரம் பார்க்க மட்டும் பாவித்தார். படகை மெல்ல ஓட்டச் சொல்லிவிட்டு அவள் திரையையே பார்த்தாள். ஓரிடத்தில் அடிமட்டத்துக்குக் கொஞ்சம் மேலே, அரிசி கொட்டிச் சிந்தின மாதிரிப் புள்ளிகள்.

"நிப்பாட்டுங்கோ. கடைக்கு வாற ஒரு பிளம்பர் சொன்னவன், குளிருக்கு இப்பிடி அடியில கும்பலா நிண்டால் அது பாஸ்தானாம்."

லூர்ப் பெட்டிகளைத் திறந்தார்கள். வரதராஜாவின் கை நேரே ஒரு பெரிய பொன்னிற மீனுக்குப் போனது. கண்ணாடிக் கண், வெள்ளி வால், ஆட்டினால் உள்ளே கிலுகிலு என்று சத்தம். அவள் தலையை ஆட்டினாள். கடையில் நிற்கிற கமலேஸ்வரி வந்துவிட்டாள்.

"அண்ணை, நீங்கள் காய்ச்சலில படுத்திருக்கிறியள் எண்டு வையுங்கோ. ஆரும் வந்து வாசலில மேளம் அடிச்சால் எழும்பிப் போவியளோ?"

"போகமாட்டன்."

"கட்டிலுக்குப் பக்கத்தில, கைக்கெட்டுற இடத்தில ஒரு பிஸ்கட் வைச்சால்?"

"அது எடுப்பன்."

"அப்ப பிஸ்கட்டை எடுங்கோ."

அவர் அடுத்ததாக ஒரு பச்சையை எடுத்தார். பருமன் கூட என்றாள். ஒரு தவளையை எடுத்தார். மிதக்கும் என்றாள். ரப்பர் புழு ஒன்றை எடுத்தார். பரவாயில்லை, ஆனால் இந்த ஆழத்துக்கு இறங்க நேரமாகும், நமக்குப் பொறுமை போதாது என்றாள். கடைசியில் பெட்டியின் மூலையில், ஆள் கவனிக்காமல் கிடந்த சுண்டுவிரல் நீளத் தகட்டை எடுத்தாள். மங்கல் சாம்பல் நிறம். பாரம் மட்டும் இருந்தது. தூக்கும்போது தகடு மெல்ல அதிர்ந்தது.

"இதுவோ? இது இலவசமா வந்தது" என்றார் வரதராஜா.

"இதுதான்."

வீச இருவருக்கும் தெரியாது. ஆகவே வீசவில்லை. படகுக்கு நேர் கீழே விட்டார்கள். நூல் ஓடி, தளர்ந்து, அடியில் தட்டியது. வரதராஜா தடியைப் பிடித்துக்கொண்டார். ஒரு சாண் தூக்கினார், விட்டார். உடனே மறுபடி தூக்கப் போனார். அவள் சுடுநீர்ப் போத்தலைத் திறந்து தேத்தண்ணி ஊற்றி அவர் மற்றக் கையில் கொடுத்தாள். "குடிச்சு முடிய மட்டும் தொடாதேங்கோ."

முதல் கோப்பைக்கு ஒன்றுமில்லை. இரண்டாவதுக்கும் இல்லை. கை விறைத்தது. நிறத்தை மாற்றிப் பார்ப்போமா என்று அவர் கேட்டார். அவள் விடவில்லை. அவர் ஒன்றுக்குப் போகவேண்டும் என்றார். பொறுக்கச் சொன்னாள். மூன்றாவது கோப்பையில் பாதி குடித்தபோது தடியின் நுனி மெல்லத் தலையாட்டியது. காற்றில்லை. மறுபடியும் ஆட்டியது. பிறகு ஒரேயடியாக வளைந்தது.

தேத்தண்ணி ஏரிக்குள் போனது. "தங்கச்சி, பிடிச்சிட்டுது" என்றார் வரதராஜா. அவர் ரீலைச் சுற்றினார், முதலில் எதிர்ப்பக்கமாக. அவள் அவர் கையைப் பிடித்து இந்தப் பக்கம் என்று திருப்பிவிட்டாள். ஆழத்திலிருந்து ஒரு வெளிச்சம் சுழன்று சுழன்று மேலே வந்தது. படகில் கிடந்த கைவலையை அவள் கண்ணை மூடிக்கொண்டு தண்ணீருக்குள் விட்டாள். திறந்தபோது அது வலைக்குள் கிடந்தது.

வெண்கலக் குடத்தை விளக்கி வைத்த மாதிரி நிறம். ஒன்றரைச் சாண் இருக்கும். கமலேஸ்வரி முதன்முதலாக ஒரு மீனின் முகத்தை நேரே பார்த்தாள். பயந்த முகமாக அது இல்லை. நித்திரையில் எழுப்பப்பட்டு, வேண்டாத சாமானைத் தலையில் கட்டிவிட்டார்களே என்று மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிற வாடிக்கையாளரின் முகம். அந்த முகத்தைக் கடையில் அவள் தினமும் பார்க்கிறவள். அவளுக்கு மனசு என்னவோ செய்தது.

"கழட்டுங்கோ அண்ணை, கெதியா."

"முள்ளு குத்தும். டெனிஸ் கழட்டித்தான் தாறவன்."

"நான் தொடமாட்டன்."

"நானும்."

மீன் இருவரையும் மாறிமாறிப் பார்த்தது. கமலேஸ்வரி "முருகா" என்றாள். கையுறையைக் கழற்றினாள். மீனைத் தொடுமுன் கையை நனைக்கவேண்டும் என்று எத்தனையோ பேருக்குச் சொன்னவள், இப்போது உறையும் தண்ணீரில் தன் கையை விட்டாள். வலைக்குள் அதைப் பிடித்தாள். வழுவழுவென்று, நினைத்ததைவிடப் பலமாக இருந்தது. வரதராஜா குறடால் உதட்டிலிருந்த கொக்கியைத் திருகி எடுத்தார்.

"ஒரேயொரு படம், தங்கச்சி. இது என்ர. மெய்யாவே என்ர."

அவர் குரல் அப்படி இருந்தது. சரியென்று மீனை அவர் கையில் கொடுத்து, அவள் ஃபோனை எடுத்தாள். விறைத்த விரலுக்கு ஃபோன் மசியவில்லை. மசிந்த கணத்தில் மீன் ஒரு துள்ளுத் துள்ளியது. படத்தில் பாதி வானம், ஒரு தொப்பி, வரதராஜாவின் திறந்த வாய். மீன் ஆழத்துக்குப் போய்விட்டிருந்தது.

கரைக்கு வந்தபோது மற்ற எவருக்கும் ஒன்றும் பட்டிருக்கவில்லை. வரதராஜா படகிலிருந்து குதித்து, தாம் பாஸ் ஒன்று பிடித்ததாகச் சொன்னார். உமாசுதன் ரொட்டியைச் சம்பலில் தோய்த்தபடி, "உங்களுக்கு இது புதுசோ அண்ணை? ஒவ்வொரு மாசமும் பிடிக்கிறியள்தானே" என்று சொல்லிவிட்டுத் திரும்பி, "அக்கா, நீங்கள் எத்தினை?" என்றான்.

வரதராஜாவின் முகம் விழுந்துபோனது. அவரால் இதுதான் முதலாவது என்று சொல்லவும் முடியாது. கமலேஸ்வரி அதைப் பார்த்தாள். தட்டை வாங்கிக்கொண்டு கதிரையில் இருந்தாள்.

"நான் பிடிக்கேல்லை, தம்பி. அண்ணை பிடிச்ச மாதிரி ஒரு மீனை நான் என்ர வாழ்நாளில கண்டதில்லை. இருங்கோ, எல்லாரும் வந்து கேளுங்கோ."

கடையில் சேலை விரிக்கிற மாதிரி அவள் அந்தக் கதையை விரித்தாள். திரையிலே கண்ட புள்ளிகள், பெட்டியில் ஒதுக்கித் தள்ளிய லூர்கள், கடைசியில் அண்ணை அந்தச் சாம்பல் தகட்டைத் தேடி எடுத்த புத்தி, மூன்று கோப்பை தேத்தண்ணி, வளைந்த தடி. ரொட்டி ஆறிப்போனது. அவள் சொன்னதில் முக்கால்வாசி உண்மை. வரதராஜா கேட்கக் கேட்க நிமிர்ந்துகொண்டே வந்தார். கடைசியில் உமாசுதன் எழுந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினான். அவர் மூக்கைச் சீறிக்கொண்டு, குளிர் என்றார். அப்போதுதான் படகில் அடக்கி வைத்தது ஞாபகம் வந்து மரங்களுக்குப் பின்னால் ஓடினார்.

திரும்பும் வழியில் ஆனந்தராஜா மோ என்ற ஊர்ப் பக்கம் ஒரு மீன் பொரியல் கடையில் காரை நிறுத்தினார். அவர் வெளியில் மச்சம் சாப்பிடுகிறவர். வீட்டில் அது பேசப்படுவதில்லை, அவளும் கேட்பதில்லை. தனக்கு மீனும் சிப்ஸும், அவளுக்குச் சிப்ஸ் மட்டும் வாங்கிக்கொண்டு வந்து காருக்குள் பொட்டலத்தைப் பிரித்தார். வழக்கமாக அவள் யன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். இன்றைக்குத் திரும்பவில்லை. மா பூசிப் பொரித்த அந்தத் துண்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இது என்ன மீன்?"

"ஆர் கண்டது? மீன்தான்."

"முகம் எப்பிடி இருந்திருக்கும்?"

ஆனந்தராஜா கையை வாய்க்குப் பாதித் தூரம் கொண்டுபோய் நிறுத்தினார். அவளைப் பார்த்தார், துண்டைப் பார்த்தார்.

"நீர் இப்ப என்னத்துக்கு இப்பிடிப் பாக்கிறீர்?"

"நான் ஒண்டும் சொல்லேல்லையே. சாப்பிடுங்கோ."

அவர் சாப்பிடப் பார்த்தார். முடியவில்லை. துண்டைத் திரும்பப் பொட்டலத்துக்குள் வைத்துவிட்டு, சிப்ஸை மட்டும் ஒவ்வொன்றாக எடுத்துச் சாப்பிட்டார். கமலேஸ்வரி தன்னுடையதிலிருந்து ஒரு பிடி அள்ளி அவர் பக்கம் போட்டாள். பிறகு ஹீற்றரைக் கூட்டிவிட்டு, இன்னும் விறைப்பு மாறாத கையை அதன் முன்னால் விரித்துப் பிடித்துக்கொண்டாள்.